பெயரிடப்படாதது

குன்னூரில் பழைய தேயிலை ஆலை,
இப்போது கலைக்கூடம்.
தலைகீழாய்த் தொங்கும் கட்டிலை
அண்ணாந்து பார்த்தாள் நாத்தனார் பிலோமி:
"போர்வை எப்படி விழாம இருக்கு?"

அடுத்த அறையில் ஒன்றுமே இல்லை.
அதைத்தான் வெகுநேரம் பார்த்தோம்.
தவசிக்கு எதுவும் விளங்கவில்லை;
விளங்காததில் அப்படியொரு குஷி,
ஒவ்வொன்றின் முன்னும் என் கையைக் கிள்ளினார்.

சுற்றிவந்தால்
முதல் அறை மூலையில் கூட்டம்.
கம்பி ஒடிந்த கறுப்புக் குடையொன்று
சுவரில் சாய்ந்து
சொட்டுச் சொட்டாய்
தரையில் குளம் வரைந்துகொண்டிருந்தது.
"தனிமை" என்றார் தாடிக்காரர்.
"ச்சே, பிரிவு" என்றது இன்னொரு குரல்.
"அது நம்ம..." என்ற நிரூபனின் வாயை
பிலோமி பொத்தினாள்.

பேருந்து நிறுத்தம்வரை
நால்வரும் தொப்பலாய் நனைந்தோம்,
சிரிப்பில் இருமிக்கொண்டே.

"காஞ்சு போச்சுன்னா
அதுக்கு என்னம்மா அர்த்தம்?"
என்றான் நிரூபன்.