நூறில் தொண்ணூற்றொன்பது

விளக்குத்தூணில் வாங்கினேன்
இருட்டை, மீட்டர் தொண்ணூறு ரூபாய்க்கு.
கறுப்பில் மூன்று கறுப்பு எடுத்துப் போட்டார் கடைக்காரர்.
டியூப்லைட்டுக்கு நேரே விரித்து
ஊசிக்கண் அளவும் கசியாத ஒன்றைப் பிடித்தேன்.
"வீட்ல யாரும் மலைக்கு மாலை போட்டிருக்காங்களாம்மா?"
"இல்லண்ணே, எண்றதுக்கு."

நாகமலை அடிவாரத்தில் ஆய்வறை.
ஜன்னலுக்கு ஒரு மடிப்பு, கதவிடுக்குக்கு இரண்டு,
ஏ.சி.யின் பச்சைப் பொட்டுக்கு இன்சுலேஷன் டேப்.
உள்ளே ஒரு குழாய்.
ஒற்றை ஒளித்துகள் விழுந்தாலும்
ஒன்று என்று எழுதும்.

எல்லாம் சாத்தி, ஷட்டரும் இறக்கிய பிறகு
நொடிக்கு முந்நூறு.
வெளிச்சமில்லை அது. சித்திரை வெயில்
சுவரேறி, இரவு இரண்டு மணிக்கும் இறங்காமல்
குழாயின் உலோகத்தைச் சுண்டிக்கொண்டிருக்கிறது.
வெக்கையும் அதற்கு வெளிச்சம்தான்.
முந்நூறு என்று
மதுரையைக் கழித்துக்கொள்கிறேன்.

கண்ணாடிக் குப்பியில்
பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையின் மஞ்சள்.
நீலத் துடிப்பு ஒன்று தொட்டால்
மூலக்கூறு கொஞ்சநேரம் வைத்திருந்து
பச்சையாகத் திருப்பித் தரும்.
கொஞ்சநேரம் என்றால்
நொடியை நூறு கோடியாகக் கிழித்து
அதில் ஐந்து கிழிசல்.
எது எப்போது விடும் என்பது
அதற்கே தெரியாது.

முதல் வாரம் எல்லாம் தப்பு.
சீக்கிரம் முடியட்டுமென்று ஒளியைக் கூட்டி வைத்திருந்தேன்.
துடிப்புக்கு ஒரு துகளைத்தான் பார்க்கும் கடிகாரம்;
முந்தி வந்ததை எழுதிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும்.
பிந்தியவை வந்து, நின்று, போயின.
வரைபடத்தில் எல்லாமே அவசரக்காரர்கள்.

உசிலம்பட்டியில் மனு வாங்கிய அன்று
நாற்பது டோக்கனோடு ஜன்னலைச் சாத்தினார்கள்.
மனு கொடுத்தவர் நாற்பது பேர்
என்று மறுநாள் பேப்பரில்.
அப்பா நாற்பத்தொன்று.

ஒளியைக் குறைத்தேன். இன்னும். இன்னும் கொஞ்சம்.
நூறு துடிப்பில் தொண்ணூற்றொன்பது
வெறுங்கையோடு திரும்பும்வரை.
அப்போதுதான்
தாமதமாக வருவதற்கும் ஜன்னல் திறந்திருக்கிறது.

"ஒச்சம்மா, டீ."
கதவுக்கு வெளியே சிக்கந்தர் அண்ணன்.
போன மாதம் டார்ச் அடித்து
என் ஆறு மணிநேரத்தைக் காலி செய்தவர்.
இப்போது காலால் தடவித் தடவித்தான்
நடையில் வருகிறார்.

திரையில் வளைவு சரிந்து, மெலிந்து,
தரையோடு தரையாகிற இடத்தில்
நாற்பத்தொன்றாவது கட்டத்தில் ஒரு புள்ளி.
மூலக்கூறா, சித்திரையா,
சொல்ல முடியாது.

இன்னும் கழிக்கவில்லை.
டீ ஆறட்டும்.