மூன்று சாக்கு ஸ்பிரிங்

வங்கி ஏலத்தில் நான் எடுத்தது
ஒரு பெயர், ஒரு பித்தளை முத்திரை,
குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே
தகரக் கூரையில் பாசி ஏறிய ஒரு கொட்டகை.
கொட்டகையைவிடப் பெயருக்குத்தான் விலை அதிகம்.
'தேவசித்தம் ஆர்மோனியம்.'
மேனேஜர் என்னை ஒருமுறை பார்த்தார்,
என் பான் கார்டை இரண்டுமுறை.

பதினோரு வருடம் குக்கர் விற்றவள்.
எத்தனையாவது விசிலில் இறக்க வேண்டும், தெரியும்.
சுதி தெரியாது;
அதற்கு ஜெரூஷா இருந்தாள்.

புது மாடலுக்குப் பதினெட்டு மாதம்.
துருத்திக்குப் புதுத் துணி,
மரத்துக்கு மூடுபனி குடிக்காத பூச்சு.
முப்பத்தொன்பது கட்டையும்
விரல் எடுத்த கணமே வாய் மூடும்.
முதல் லாட் அறுபது பெட்டி
பர்லியார் வளைவுகளில் இறங்கிப் போனது.

பதினான்கு ஏறி வந்தது.

தஞ்சாவூர் டீலர் சந்தனராஜ் போனில்:
"பெட்டி நல்லாத்தாம்மா இருக்கு.
ஆனா இது தேவசித்தம் இல்ல.
தேவசித்தம்னா நாலாம் கட்டை
கைய எடுத்தாலும் கொஞ்சம் நிக்கணும்.
வாங்க வர்றவங்க அதைத்தான்
மொதல்ல அமுக்கிப் பாக்கறாங்க."

மீட்டிங் வைத்தோம்.
விற்பனைப் பையன் பலகையில் 'ஆன்மா' என்று எழுதினான்.
கோவை ஆலோசகர் 'பாரம்பரியக் கார்வை' என்றார்,
பெட்டிக்கு ஐந்நூறு கூட்டலாம் என்றார்.
அரவங்காட்டுச் சங்கு ஊதி ஓய்ந்தது.
ஜெரூஷா எழுந்துபோய்
பீரோவிலிருந்து பழைய பேரேடுகளைத் தூக்கி வந்தாள்.

1953 ஆகஸ்ட்: 'சிங்காநல்லூர் ஏலம். ஸ்பிரிங், மூன்று சாக்கு. மலிவு.'
அக்டோபர்: 'நாலாம் கட்டை ஒட்டுகிறது. புகார் 4.
அடுத்த லாட்டில் மாற்ற வேண்டும்.'
1954, அடுத்த லாட்டில்.
1961, அடுத்த லாட்டில், இரண்டு அடிக்கோடு.
1978, மகனின் சாய்ந்த கையெழுத்து:
'இன்னும் ஒரு சாக்கு மிச்சம். அ.லா.'

முதலில் சிரித்தது ஆலோசகர்தான்.
பையன் பலகையைத் துடைத்தான்;
ஈரக் காற்றில் சாக்பீஸ் சரியாக அழியவில்லை,
'மா' மட்டும் நின்றது.

அன்றிரவே சந்தனராஜுக்கு எழுதினேன்:
ஐயா, அது எங்கள் பழுது.
எழுபது வருடம் தாமதமாகச் சரிசெய்திருக்கிறோம்.
பதினான்கையும் திருப்பி அனுப்புகிறேன்,
லாரி வாடகை என் கணக்கு.

காலையில் பதில் வந்தது.
"சரிம்மா, அனுப்புங்க.
அந்தப் பழைய ஸ்பிரிங் இருந்தா
கூடவே ஒரு டப்பா போடுங்க.
கேக்கறவங்களுக்கு நானே மாட்டிக் குடுத்துக்கறேன்."

பரண்மேல் அரைச் சாக்கு இருக்கிறது.
கை விட்டால் கொத்தாக வருகிறது,
ஒன்றை ஒன்று விடமாட்டேன் என்கிறது,
துரு, எலிப்புழுக்கை, கொஞ்சம் யூகலிப்டஸ் இலை.
தராசில் ஒரு கிலோ நிறுத்து வைத்திருக்கிறேன்.
என்ன விலை போடுவது என்று
இன்னும் முடிவாகவில்லை.
இன்வாய்ஸில் என்ன பெயர் போடுவது என்றும்.
ஜெரூஷா வரிப் பட்டியலில்
எண் தேடிக்கொண்டிருக்கிறாள்.