முப்பது வரை

கடைசிப் பெட்டியில் சைக்கிளை ஏற்றிவந்து
கம்புலுங்கில் இறங்கினேன், மணி ஆறு.
மூடுபனிக்குள் ஒரு நாய்
எதையோ மறுத்துக்கொண்டிருந்தது.
ஒரே நாள் விடுப்பு.
போனை அணைத்து ரொட்டிக்கு அடியில் வைத்தேன்.

பதினோரு வருடமாக அவசர எண்ணில்
அழைப்பு எடுப்பவள் நான்.
இந்த மாவட்டத்துச் சாலைகளைக் காதால்தான் தெரியும்.
வாமா பாலத்து வளைவு: டிசம்பர், கவிழ்ந்த பால்வண்டி,
பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்த ஒருத்தி.
இன்று அந்த வளைவில்
ஒருவர் தூண்டில் போட்டுக் கொட்டாவி விடுகிறார்.
மரம் அறுக்கும் மில்: மூன்று விரல்கள்.
துணியில் சுற்றுங்கள், பிறகு பனிக்கட்டி என்றேன்.
மில்லுக்குப் புதிதாக நீலத் தகரம் வேய்ந்திருக்கிறார்கள்.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்பார்கள்,
இணைப்பு போய்விடும்.
அதற்குமேல் எதுவும் எனக்குச் சொல்லப்படுவதில்லை.

மொல்தோவிட்சா தாண்டியதும்
சாலை நிமிர்ந்துகொண்டது.
கழியில் குத்திய வைக்கோல் குவியல்கள்
இருபுறமும், தலை இல்லாத ஆட்கள்போல.
குதிரைவண்டிக்காரர் பக்கத்தில் வந்து
"தூக்கிப் போடு வண்டியை, நீயும் ஏறு" என்றார்.
மாட்டேன் என்று சொல்ல மூச்சு இல்லை,
கையை ஆட்டினேன்.
அவருடைய குதிரை என்னைப் பார்த்த பார்வையில்
கொஞ்சம் தோழமை இருந்தது.

ஏற்றத்தில் எனக்கு ஒரு பழக்கம்:
மிதியை எண்ணுவது. முப்பது வரை, பிறகு ஒன்றிலிருந்து.
வேலையில் ஒட்டிக்கொண்டது.
மார்பின் நடுவில் கையை வையுங்கள், அழுத்துங்கள், என்னோடு எண்ணுங்கள்.

கணவாயின் உச்சியில் ஒரு பெரிய கல் கை.
அதன் கீழ் ஒரு கல்யாணக் கூட்டம் படம் எடுத்துக்கொண்டிருந்தது.
வெங்காயமும் ரொட்டியும் தின்றேன்.
பிறகு இறக்கம்.
காது முழுக்கக் காற்று, பிரேக் கட்டைகள் கருகும் வாசம்,
எண்ண எதுவும் இல்லை.

சுசெவிட்சாவில்
கன்னியாஸ்திரீ ஒருவர் தோளில் பலகை தாங்கி
மரச் சுத்தியலால் தட்டியபடி
கோயிலைச் சுற்றி வந்தார்.
மணியைவிட அது நெஞ்சுக்கு அருகில் கேட்டது.
வடக்குச் சுவரில் ஓர் ஏணி சாய்ந்து விண்ணுக்குப் போகிறது.
ஒரு பக்கம் தேவதைகள் வரிசை பிசகாமல்.
மறுபக்கம், கால் நழுவியவர்கள்
தலைகீழாக, ஆடை கலைந்து.
எத்தனை படி என்று எண்ணவில்லை.
மேற்குச் சுவர் வெறுமை.
சாரத்திலிருந்து ஓவியன் விழுந்து செத்தான்,
அப்படியே விட்டுவிட்டார்கள் என்று கதை.
நானூறு வருடத்துக்கு முன் விழுந்தவனுக்காக
யார் யாரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று
அங்கேயே நின்றேன்.

மதிலுக்கு வெளியே தகரக் கொட்டகை. பேரிக்காய்.
ஐந்து லேய் தாளை நீட்டினேன்.
அவன் பையைப் பிரித்துப் போடத் தொடங்கினான்:
ஒன்று, இரண்டு, மூன்று.
ஆறுக்குப் பிறகு ஒரு சின்ன இழுப்பு,
கதவு தரையில் உரசுவதுபோல், ஏழு.

பிப்ரவரி. பனியில் சாலை மூடியிருந்தது.
என் அண்ணன் மூச்சு விடவில்லை என்றான் ஒருவன்.
பத்தொன்பது நிமிடம்
நானும் அவனும் முப்பது முப்பதாக எண்ணினோம்.
ஒவ்வொரு ஏழிலும் அந்த உரசல்.

எட்டு என்றான். பையை முடிந்து நீட்டினான்.
நகத்தில் மண், மோதிரம் இல்லை.
நன்றி சொல்ல வாய் திறந்தவள்
தலையை மட்டும் அசைத்தேன்.
என் குரல் அவன் வீட்டுக்குள்
எந்த அறைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது.
கொட்டகைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.
யாராகவும் இருக்கலாம்.
சைக்கிளுக்குக் காற்றுப் போதும்தான்,
ஆனாலும் குனிந்து இரண்டு டயரையும் அமுக்கிப் பார்த்தேன்.
இருமல் மறுபடி வரவில்லை.

ராதாவுட்சி போகும் சமவெளிச் சாலை,
கடைசி ரயிலுக்கு ஒன்றேகால் மணி நேரம்.
மக்காச்சோளக் கொல்லையோரம் நிறுத்தி
ஒரு பேரிக்காயைக் கடித்தேன்.
இன்னும் பழுக்கவில்லை.
முழுசாகத் தின்றேன்.