வருசம்பளம்

மொழிகள் துறை, இரண்டாம் மாடி.
ஆறு மொழிக்கு ஒரே அறை.
நடுவே நான்கு இரும்பு பீரோக்களை நிறுத்தி
எல்லை பிரித்திருக்கிறோம்.
தெலுங்கிலிருந்து தமிழுக்கு வர
உடம்பை ஒருக்களிக்க வேண்டும்.
வெங்கிடம்மாள் வந்தால் இரண்டு மொழியும்
கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும்.

ஜன்னலில் நாகமலை,
பதில் எழுதத் தேவையில்லாத ஓர் அதிகாரிபோல
நீட்டிப் படுத்திருக்கிறது.

என் பெயருக்கு முன்னால் 'கௌரவ' என்று போடுவார்கள்.
விரிவுரையாளர் அதற்கு அப்புறம்.
மணிக்கு இவ்வளவு என்று கணக்கு.
அழகர் ஆற்றில் இறங்கும் நாள்
எனக்கு மூன்று மணி நேர நஷ்டம்.
அவரிடம் சொல்லிக்கொண்டதில்லை.

ஐந்து மாதமாக வரவில்லை.
மாதக் கடைசியில்
நிரந்தரக்காரர்களின் கைப்பேசிகள்
ஒன்றன்பின் ஒன்றாகச் சிணுங்கும்.
எங்கள் முன் எடுத்துப் பார்க்க மாட்டார்கள்.
நாகரிகம் தெரிந்தவர்கள்.
கழிப்பறைக்குப் போய்ப் பார்ப்பார்கள்.

பிரெஞ்சு நடத்தும் ஷெர்லி பாக்கியத்துக்கு
மூன்று மாணவர்கள் இருந்தார்கள்.
ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.
மீதி இரண்டு பேருக்கும் காய்ச்சல் வரக்கூடாதென்று
வில்லாபுரத்தில் மெழுகுவத்தி ஏற்றுகிறாள்.
துளசிராம் இந்தி நடத்துகிறார்.
வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம்.
அதற்கு எங்கள் கட்டடத்தில் பீரோகூட இல்லை.
மனைவி கூப்பிட்டால் மாடிப்படிக்குப் போய்
அந்த மொழியில் மெதுவாகக் கடன் விவரம் சொல்வார்.
மொழி புரியாது.
தொகை எல்லோருக்கும் புரிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை வினைத்தொகை நடத்தினேன்.
காலத்தை வெளியே காட்டாமல்
வயிற்றுக்குள் வைத்திருக்கும் சொல்.
ஊறுகாய்: ஊறிய, ஊறுகிற, ஊறும்.
சுடுசோறு.
கடைசி பெஞ்சில் விருமாண்டி கண் விழித்தான்.
மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில்
விடிய விடிய மூட்டை இறக்கிவிட்டு வருகிறவன்.
வகுப்பு முழுக்க மல்லிகை மணக்கும்,
அவன் மட்டும் தூங்குவான்.
"சாப்பாடாவே சொல்றீங்களேம்மா,
பசிக்குது. வேற சொல்லுங்க."

யோசிக்காமல் கரும்பலகையில் எழுதினேன்:
வருசம்பளம்.
வந்த சம்பளம், வருகிற சம்பளம், வரும் சம்பளம்.
சாக்பீஸ் கொஞ்சம் கிறீச்சிட்டது.

"அது வாராச் சம்பளம்தானேம்மா?
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்"
என்றான்.
வகுப்பு சிரித்தது.
நானும்.
இரண்டு மதிப்பெண் கேள்விக்கு
ஐந்து மதிப்பெண் விடை.
சிரித்து முடித்த பிறகு
எல்லோரும் நோட்டில் பார்வையைப் புதைத்துக்கொண்டார்கள்,
அதுதான் தாங்கவில்லை.

மூன்றேகாலுக்கு என் கைப்பேசி அதிர்ந்தது.
ஷெர்லியுடையதும். துளசிராமுடையதும்.
ஒரு மாதத்துக்கான தொகை.
எந்த மாதத்துக்கு என்று இல்லை.
ஜூனா, ஜூலையா?
ஷெர்லி அலுவலகத்துக்கு ஓடினாள்.
"வந்துச்சுன்னு வச்சுக்கங்க மேடம்"
என்றாராம் அங்குசாமி,
காலத்தை அவரும் சொல்லவில்லை.
துளசிராம் அங்கேயே நின்று
எனக்குத் தரவேண்டிய ஐந்நூறை அனுப்பினார்.
நான் வெங்கிடம்மாளுக்கு அனுப்பினேன்.
அவர் யாருக்கோ அனுப்பினார்.
அறைக்குள் ஐந்நூறு ரூபாய்
பீரோக்களை இடிக்காமல்
மொழி மொழியாகக் கடந்து போனது.

இந்த மாத மணிக்கணக்கை
மூன்று பிரதி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு
ஐந்தரை பஸ்ஸில் ஏறினேன்.
படிக்கட்டருகே விருமாண்டி, கம்பியைப் பிடித்தபடி.
"வந்துருச்சாம்மா?"
"ஒண்ணு."
"அப்ப நான் சொன்னதுல முக்கால்வாசி சரி"
என்று கணக்குப் போட்டான்.
ஐந்தில் நான்கு என்று திருத்த நினைத்தேன்.
காளவாசல் வருவதற்குள்
நின்றபடியே தூங்கிவிட்டான்.

பெரியாரில் எழுப்ப வேண்டும்.