முகம் மட்டும்

விடிவதற்கு முன்பே வரிசை நின்றுவிட்டது.
ஆட்கள் இல்லை. கற்கள்.
கற்களுக்கு நடுவே ஓர் உடைந்த அகப்பை,
நைலான் கயிறு கட்டிய ஒற்றைச் செருப்பு.
உரியவர்கள் உப்பங்கழியில் இருந்தார்கள்.
வெயில் ஏறுவதற்குள் வாரினால்தான் உண்டு.
இயந்திரத்துக்கு அந்த அவசரம் தெரியாது.
ஒன்பது மணிக்குத்தான் கண் விழிக்கும்,
அதுவும் என் வலது கட்டைவிரல் பட்டால்.

நான் அட்டாங்கா. வடக்கே, போல்கட்டாங்கா பக்கம்.
இந்தக் கானா கடற்கரையின் மொழியில்
எனக்குத் தெரிந்தவை நான்கே சொற்கள்:
உட்கார், பார், விரல், இன்னொருமுறை.
கடைசிச் சொல்லைத்தான் அதிகம் செலவழித்தேன்.

ஏழாவது கல்லுக்கு உரியவள் நார்ட்டேக்கி.
பத்து விரல்களையும் கண்ணாடியில் வைத்தாள்.
பச்சை எரியவில்லை.
துடைத்து வை என்று சாடை காட்டினேன்.
ஊதி வை என்று காட்டினேன்.
ஊதினாள், கொதிக்கும் கஞ்சியை ஆற்றுகிறவள் போல.
திரையில் பத்து வெள்ளை முட்டைகள்.
மருந்துக்கும் ஒரு கோடு இல்லை.

பிறகு என் பேனாவைப் பிடுங்கி
படிவத்தின் ஓரத்தில் தன் பெயரை எழுதினாள்,
முழுப் பெயரையும், கீழே அடிக்கோடு இழுத்து.
கையெழுத்துப் போடத் தெரிந்தவள்.
கைநாட்டு வைக்கத்தான் முடியவில்லை.

இரண்டு வாரம் உப்பைத் தொடாதே,
ரேகை தானாக முளைக்கும் என்றான்
பின்னால் நின்ற ஒருவன்.
அவள் கணக்குப் போட்டாள், உரக்க,
எனக்கும் மொழிபெயர்க்கச் சொல்லி:
நாளைக்கு மூன்று மூட்டை, பதினான்கு நாள்.
நடுவில் மழை வந்தால் இந்த வருடம் அவ்வளவுதான்.
ஒரு ஓட்டுக்கு நாற்பத்திரண்டு மூட்டையா?
ஜெயிக்கிறவன் எனக்குத் தருவதோ
முதல் சலவையில் சாயம் போகும் பனியன்.

எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், சற்றுத் தாமதமாக,
மொழிபெயர்ப்பு வந்து சேர்ந்த பிறகு.

மென்பொருளில் ஒரு கட்டம் உண்டு: 'முகம் மட்டும்'.
விபத்தில் கை போனவர்களுக்கு,
நோயில் விரல் உதிர்ந்தவர்களுக்கு.
பத்தும் இருப்பவளுக்கு அதில் குறியிட
மேலிடம் சம்மதிக்க வேண்டும்.
சிக்னல் கிடைப்பது உப்புக் குவியலின் உச்சியில் மட்டும்.
ஏறினேன். சறுக்கினேன். முழங்காலில் தோல் உரிந்தது;
உரிந்த இடத்தில் உப்பு என்ன செய்யும் என்று
சொல்லத் தேவையில்லை.

'கையை ஒழுங்காகக் கழுவச் சொல்' என்றார்.
'கழி நீரில் கிடந்து கிடந்துதான் ஐயா போயிருக்கிறது.'
நீண்ட மௌனம்.
சிக்னல் போயிருக்கலாம்.
சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.
அதைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

கேமராவின் வெளிச்சத்துக்கு அவள் இமைக்கவில்லை.
உப்பின் வெயிலைப் பார்த்த கண்ணுக்கு அது எம்மாத்திரம்.
அட்டை சூடாக வந்து விழுந்தது.
கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள்,
காய்ச்சல் இருக்கிறதா என்பது போல.

பாட்டரிகள் சூரியத் தகட்டில் மின்னேறும் மதியங்களில்
சும்மா இருக்க முடியாமல் நானும் வாரப் பழகினேன்.
முதுகு வலித்தது, பிறகு வலி பழகியது.
குளிப்பதும் அதே கழியின் நீரில்.
விரல்நுனிகள் காகிதம் போல் வழவழத்ததை
நான் கவனிக்கவில்லை.

பதினெட்டாம் நாள், கடைசி நாள்,
கட்டைவிரலை வைத்தேன்.
சிவப்பு.
துடைத்து வைத்தேன். சிவப்பு.
திரை என் பெயரைக் கேட்டது,
நான் யாரென்று நிரூபிக்கச் சொன்னது.
வெளியே முப்பத்தொரு கல்,
அவற்றின் அருகே இப்போது கால்களும்.

இரண்டு பேருக்குச் சாட்சி சொல்ல வந்திருந்த நார்ட்டேக்கி
மேசைமேல் குனிந்து
என் விரலைப் பிடித்து ஊதினாள்.
பிறகு என்னுடைய நான்கு சொற்களில் ஒன்றை,
நான் உச்சரிக்கும் அதே தப்பான விதத்தில்,
என்னிடமே சொன்னாள்:

இன்னொருமுறை.