முள்

ஞாயிறு மாலை
ஆட்டம் முடிந்து அரைமணி ஆகவில்லை,
வானொலியில் சொன்னார் த்ரோண்டூர்:
"பதினேழாம் எண்ணுக்கு
நல்ல கால்கள் இரண்டு இருக்கின்றன.
காது ஒன்றுகூட இல்லை."

ஃபாரோவில் எங்கள் தீவில்
எண்ணூறு பேர் இருக்கிறோம்.
பெயரைச் சொல்லவில்லையே என்று
அவர் நினைத்திருக்கலாம்.
பதினேழு நான்தான் என்பது
மலைமேல் மேயும் ஆடுகளுக்கும் தெரியும்.

பாலுக்குச் சில்லறை தந்த மார்னா
முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்தாள்.
பேருந்தில் பின்னிருக்கைப் பொடியன் ஒருவன்
"கேட்குதா? கேட்குதா?" என்றான்.
ஊர் வாயை மூட உலைமூடி ஏது.
இந்தத் தீவின் காற்றாலேயே முடியவில்லை.

இரவு கைபேசியில் ஒரு பதில் எழுதினேன்.
எண்பத்தொன்றாம் நிமிடம், கார்னர்,
கம்பத்தருகே நில் என்று நீங்கள் கத்தியது கேட்டது.
கேட்டுத்தான் போனேன்.
பந்து அந்தப் பக்கம் வராது என்று நினைத்தேன்.
வந்தது.

இதில் எனக்குச் சாதகமான வரி
எது என்று தேடிப் பார்த்து
அழித்தேன்.
இரண்டாவது பதிலில் கெட்ட வார்த்தை மட்டும்.
அதை அழிக்கத்தான்
அதிக நேரம் பிடித்தது.

திங்கள், காலை ஆறு மணி, சால்மன் ஆலை.
வெள்ளை உடுப்பு, நீலக் கையுறை, வலைத்தொப்பி.
தொப்பி காதை மூடிவிடும், எல்லாருக்கும்தான்.
இந்த பெல்ட்டில் எனக்கு மூன்று வருடம்.
த்ரோண்டூருக்கு ஐந்து வாரம்.
பயிற்சியாளர் சம்பளம் காருக்கு டயர் போடக் காணாது.
படகை ஏன் விற்றார் என்று
அவரிடம் யாரும் கேட்டதில்லை.

எனக்கு முன்னால் அவர் நிற்பார், கையில் இடுக்கி.
அவர் முள் எடுத்த மீன் என்னைத் தாண்டி
சுன்வாவிடம் போகும்.
சுன்வாவின் குரல் எந்திரத்தைவிடப் பெரியது.

முதல் மீனில் மூன்று முள்ளை விட்டார்.
பார்த்தேன்.
போகவிட்டேன்.
பொய் சொல்ல மாட்டேன், இனித்தது.
சுன்வா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
"இங்கே யாருக்குக் கண் இல்லை?" என்றாள்.
நாற்பது தலைகள் திரும்பின.
நாற்பதும் ஞாயிறு வானொலி கேட்டவை.
த்ரோண்டூர் திரும்பவில்லை.
அவருடைய பின்கழுத்து மட்டும்
மெல்ல மெல்ல
சால்மன் நிறமாகிக்கொண்டு வந்தது.

இனிப்பு
அடுத்த தட்டு வரும்வரைகூட நிற்கவில்லை.

இன்னொரு மீன்.
விரலை ஓட்டினேன்.
நடுவில், சதைக்கடியில்,
ஒன்றே ஒன்று படுத்துக் கிடந்தது.
அவர் பக்கம் சாய்ந்து
எந்திரச் சத்தத்துக்கும் கீழே வைத்து
"முள்" என்றேன்.
வாங்கினார். எடுத்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
மதியத்துக்குள் இன்னும் நான்கு முறை
"முள்."
அதற்கப்புறம் ஒரு மீனை
அவராகவே என் பக்கம் நகர்த்தினார்.
அதில் ஒன்றும் இல்லை.
இல்லை என்று தலையாட்டினேன்.

வியாழன் பயிற்சி.
எங்கள் மைதானத்துக்கு ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல்.
அன்று மூன்று பந்துகள் கடலுக்குப் போயின,
படகு இரண்டைத்தான் மீட்டது.
கார்னர் வந்தபோது
கம்பத்தை விட்டு மறுபடி நகர்ந்தேன்.
இரண்டடி. பழக்கம்.

நடுக்கோட்டிலிருந்தே கத்தியிருக்கலாம் அவர்.
கத்துவதற்கென்றே செய்த தொண்டை அது.
விசிலை ஊதி எல்லாரையும் நிறுத்திவிட்டு
கைகளைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு
எதிர்க்காற்றில், சாய்ந்த மழையில்,
பாதி மைதானத்தை நடந்தே கடந்து வந்தார்.
மற்றவர்கள் குளிரில் குதித்துக்கொண்டு
காத்து நின்றார்கள்.
பக்கத்தில் வந்து ஏதோ சொன்னார்.

காற்று அதைக் கொண்டுபோய்விட்டது.
சத்தியமாக.

"என்ன?" என்றேன்.

கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார்.
இன்னும் ஓரடி நெருங்கினார்.
மீன் வாடை அடித்தது,
அவரிடமிருந்தா என்னிடமிருந்தா
தெரியவில்லை.