இரண்டு கிலோ நூற்றுப்பத்து

ஓகி அடித்த மறுநாள்
முறிந்து கிடந்த ரப்பர் மரத்தடியில்
பால் பிடிக்கும் சிரட்டை என்று நினைத்துத்தான் குனிந்தேன்.
கால் நீட்டியது.
அதனால் பெயரும் சிரட்டைதான்.

குலசேகரம் சொசைட்டியில்
நகைக்கடனுக்கு எடை பார்ப்பது என் வேலை.
கைக்கு வந்ததை நிறுக்காமல் விட முடியாது.
மாசம் ஒருமுறை அடுக்களைத் தராசில் ஏற்றி
காலண்டரில் குறித்துவைப்பேன்.
ஆறு வருசமாக
ஒரு கிலோ எண்ணூறுக்கும் எண்ணூற்று நாற்பதுக்கும் நடுவே
அசைந்துகொண்டிருந்தது.
ஓடு கழிக்காமல்.

அப்போதெல்லாம் ஒரு செம்பருத்திப் பூவைத் தின்ன
அதற்கு ஒரு ஜெபமாலை நேரம் ஆகும்.
ஓர் இதழைக் கடித்துவிட்டு
எதையோ மறந்தாற்போல் நிற்கும்.
நான் ஸ்கூட்டியை உள்ளே ஏற்றும் சத்தம் கேட்டால்
சிட்அவுட் படிவரை வந்து கழுத்தை நீட்டும்.
நீட்டியபடியே தூங்கியும் போகும்.
ராத்திரி சாப்பாட்டுக்கு நான் தரையில் இருப்பேன்,
அது பக்கத்தில்.
பேசாமல் இருப்பதற்கு அது நல்ல ஆள்.

பத்தொன்பது வருசம் மஸ்கட்டில் இருந்துவிட்டு
மார்ச்சில் ஒரேயடியாக வந்து சேர்ந்தார் வில்பிரட்.
முதல் வாரம் மோட்டாரைச் சரிசெய்தார்.
இரண்டாம் வாரம் கேட்டுக்குப் பெயிண்ட்.
மூன்றாம் வாரம்
ஆமையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"பாவம், ஒத்தைக்குக் கிடக்கு" என்றார்.
எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

வேர்கிளம்பியில் வீடு காலிசெய்யும் கூட்டுக்காரன் கொடுத்தானென்று
ஹெல்மெட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார் இன்னொன்றை.
கொஞ்சம் பெரியது.
வலது ஓரத்தில் ஓடு உடைந்து ஆறியிருந்தது.
அதற்குப் பெயர் வைக்கவில்லை நாங்கள்.
மற்றது என்றோம்.

முதல் நாள் சிரட்டை
உள்ளே இழுத்த தலையை வெளியே விடவில்லை.
இரண்டாம் நாள் மத்தியானம்
பின்பக்கம் யாரோ தேங்காய் உடைக்கிறார்கள் என்று போனால்
மற்றது இதை முட்டித் தள்ளிக்கொண்டிருந்தது,
துணி துவைக்கும் கல்வரை.
"அது பழகுறதாக்கும்" என்றார் வில்பிரட்.

அதற்குப் பிறகு நடந்ததை
எது முந்தி எது பிந்தி என்று சொல்லத் தெரியவில்லை.
பூ வைத்தால் ஒரே வாயில் போயிற்று,
கண் மட்டும் பக்கவாட்டில்.
ஆறு வருசம் திரும்பிப் பார்க்காத வாழைத்தண்டை
மற்றது தின்கிறது என்பதற்காகத் தின்றது.
அது வெயிலுக்குப் போனால் இதற்கும் வெயில்.
ஓடத் தெரியும் என்று எனக்குத் தெரியாது,
ஒரு அயனிச்சக்கைச் சுளைக்காக ஓடியது.
ஸ்கூட்டி சத்தத்துக்கு வருவதை விட்டுவிட்டது.

ஆகஸ்டில் இரண்டு கிலோ நூற்றுப்பத்து.
"பாத்தியாட்டி, துணை கிடைச்சதும் தேறிட்டு."
கூடியது உண்மை.
எதனால் கூடியது என்று தராசு சொல்லாது.
உள்ளே மெழுகு அடைத்த வளையலும் கூடத்தான் காட்டும்.

நானும் இப்போது மேசையில்தான் சாப்பிடுகிறேன்.
சீக்கிரம் சாப்பிடுகிறேன்.
அவர் எழும்புமுன் எழும்பிவிடுகிறேன்,
எங்கே போக என்று தெரியாமல்.

அக்டோபர் மழையில் மதில் இடிந்து
மற்றது போய்விட்டது.
டார்ச் அடித்து ஓடைவரை தேடினார் வில்பிரட்,
லுங்கியெல்லாம் சேறு.
குடை பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற எனக்கு
அப்பாடா என்றிருந்தது.
அவர் முதுகு நனைவதைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கமாகவும்.

மறுநாள் செம்பருத்தி வைத்தேன்.
அவசர அவசரமாகப் பாதியைத் தின்ற சிரட்டை
நின்றது.
பக்கவாட்டில் பார்த்தது.
மீதியை விட்டுவிட்டு
துணி துவைக்கும் கல்லுக்குப் போய்
தானே முட்டிப் பார்த்தது.
டக்.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
டக்.

தேங்காய்ச் சத்தமென்று எட்டிப்பார்த்த வில்பிரட்
பார்த்துவிட்டு உள்ளே போனார்.
பழகுறதாக்கும் என்று சொல்லவில்லை.

நவம்பரில் நான் நிறுக்கவில்லை.
ஒருநாள் ராத்திரி தட்டோடு தரையில் இருந்தேன்.
சுவரைப் பிடித்துப் பிடித்து அவரும் வந்து இருந்தார்,
முட்டு மடங்காமல்
ஒரு காலை நீட்டியபடி.